ஓரிரவு உறவினர்

1900ஆம் ஆண்டு, செப்டம்பர்த் திங்கள் 8ஆம் நாள், சனிக்கிழமை இரவு. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், மெக்சிகோ வளைகுடாவை ஒட்டிக் கிடக்கும் கால்வெஸ்டன் என்னும் தீவு நகரம். அங்கே உர்சுலைன் கன்னிமாடம் என்றொரு பெரிய கட்டடம். அதற்குள் ஏறத்தாழ ஆயிரம் பேர் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றனர். வெளியே காற்று உறுமுகிறது. மாடத்தைச் சூழ்ந்திருந்த சுற்றுமதில் இடிந்து விழுகிறது. தெருவிலே தண்ணீர் ஓடுகிறது. மழைநீர் அன்று, கடல்! ஊருக்கு எல்லையாக இருந்த கடல், ஊருக்குள்ளேயே குடியேறிவிட்டது.

உள்ளே நிற்பவர்கள் யார்? வெள்ளையர் உண்டு, கறுப்பர் உண்டு. வசதி படைத்தோர் உண்டு. அன்றாடம் உழைத்து அன்றாடம் உண்போர் உண்டு. முந்தின நாள் வரையில் ஒரே ஊரில் நடமாடியும், ஒருவர் பெயரை மற்றவர் கேட்டறியாதவர்களே பெரும்பாலோர். அன்றிரவு அந்தக் கூட்டத்தின் நடுவே நான்கு குழந்தைகள் பிறந்தன. மணவாழ்வே வேண்டாம் என்று துறந்து வந்த பெண்களின் மாடத்திலே, அன்று தொட்டில் தேட வேண்டியதாயிற்று!

இத்தகைய இரவுகளைப்பற்றி எழுதுவோர் பலர், ‘பாரீர், பேரழிவு வந்தால் பேதம் பறந்துவிடுகிறது’ என்று உள்ளம் உருகி எழுதிவிட்டு, ஏட்டை மூடிவிடுவர். நமக்கு அது போதவில்லை. இரவு முடிந்ததே, அதற்குப் பிறகு? அந்த ஆயிரம் பேரும் மாடத்து வாயிலைக் கடந்து வெளியே வந்தபோது எதனை உள்ளேயே விட்டுவிட்டு வந்தனர், எதனை உடன் எடுத்து வந்தனர்? இதனை அறிய வேண்டுமானால், புயலுக்கு முந்திய கால்வெஸ்டனிலிருந்து தொடங்க வேண்டும்.

கால்வெஸ்டன் உண்மையில் ஒரு மணல் திட்டு. நீளம் ஏறத்தாழ 27 மைல்; அகலமோ இரண்டு, மூன்று மைல்தான். ஊரிலேயே மிக உயர்ந்த மேடு எவ்வளவு உயரம் தெரியுமா? கடல்மட்டத்துக்கு மேலே ஒன்பதடிகூட இல்லை! அந்தத் திட்டின்மீதுதான் 1900இல் 37,000க்கு மேற்பட்ட மக்கள் வாழ்ந்தனர். பருத்தி அவர்களை வாழவைத்தது. டெக்சாஸ் மண்ணில் விளைந்த பஞ்சு, பொதி பொதியாக அந்தத் துறைமுகத்துக்கு வந்து, கடல் கடந்து ஆலைகளுக்குச் சென்றது. பிராட்வே என்னும் அகன்ற சாலையில் செல்வச் சீமான்கள் மாளிகை எழுப்பினர். அந்த மாளிகைகளுக்கு அடித்தளமாக அமைந்த பஞ்சுப் பொதிகளைச் சுமந்த தோள்களில், கறுப்புத் தோள்கள் பல.

வரலாற்றில் அந்த ஊருக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. 1865ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள், அமெரிக்க உள்நாட்டுப் போர் ஓய்ந்த பின்னர், டெக்சாசில் உள்ள அடிமைகள் யாவரும் விடுதலை பெற்றனர் என்ற ஆணையைத் தளபதி கிரேஞ்சர் வெளியிட்டது கால்வெஸ்டனில்தான். அந்த நாளை 2021ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு நாடு முழுவதற்கும் உரிய விடுமுறை நாளாக்கியது. விடுதலை பெற்ற மக்களிடையே நாரிஸ் ரைட் கியூனி என்னும் தலைவர் அந்நகரில் ஓங்கி வளர்ந்தார். தாய் அடிமை, தந்தை, அவளை உடைமையாகக் கொண்டிருந்த வெள்ளைப் பண்ணையார். அந்த மகன், 1883இல் நகரமன்ற உறுப்பினராக அமர்ந்தார். அதே ஆண்டில் கறுப்புத் துறைமுகத் தொழிலாளர்களைச் சங்கமாகத் திரட்டி, அதுவரை வெள்ளையர்க்கே என்றிருந்த வேலைகளில் பங்கு கேட்டார், பெற்றார். 1898இல் அவர் மறைந்தார். புயல் வந்தபோது அந்தக் குரல் இல்லை.

கடல் எச்சரிக்கை தராமலும் இருக்கவில்லை. அதே டெக்சாஸ் கரையில் இந்தியனோலா என்றொரு துறைமுகம் இருந்தது. 1875இல் ஒரு புயல் அதனைச் சிதைத்தது. எஞ்சியவர்கள் மீண்டும் கட்டினர். 1886இல் இன்னொரு புயல் வந்தது. அதன்பின் அந்த ஊரே கைவிடப்பட்டது. இதனைக் கண்ட கால்வெஸ்டன் பெரியவர்கள், ‘நமக்கொரு கடற்சுவர் வேண்டும்’ என்று பேசினார்கள். பேசினார்கள்; அத்தோடு சரி. 1891இல், வானிலைத் துறையின் உள்ளூர் அலுவலகத் தலைவர் ஐசக் கிளைன், அந்நகர் நாளேட்டிலே ஒரு கட்டுரை தீட்டினார். புயலால் கால்வெஸ்டனுக்குப் பெருங்கேடு விளையும் என்று அஞ்சுவது அறிவுக்குப் பொருந்தாத மயக்கம் என்பது அதன் கருத்து. மூடநம்பிக்கை என்றால் பூசாரியின் உடுக்கையிலும் சாமியாடியின் வேப்பிலையிலும் மட்டுமே இருப்பது என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். படித்துப் பட்டம் பெற்று, காற்றழுத்தமானியை எதிரே வைத்துக்கொண்டு அமர்ந்திருப்பவரிடமும் அது வந்து ஒட்டிக்கொள்கிறது. ஊரார் எதனைக் கேட்க விரும்புகிறார்களோ, அதனையே அறிவியல் என்ற பெயரால் எடுத்துக் கூறும்போது ஒட்டிக்கொள்கிறது.

இங்கே கியூபாவின் கதையைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். ஏனெனில், அயலார் ஒருவரையொருவர் அணைத்துக்கொண்ட இரவைப்பற்றிப் பேசுமுன், அயலான் சொல்லைக் காலால் எற்றிய பகல்களைப்பற்றிப் பேசியாக வேண்டும்.

1898இல் ஸ்பெயினோடு நடந்த போரில் வென்ற அமெரிக்கா, கியூபாத் தீவைத் தன் படைகளின் ஆட்சியில் வைத்திருந்தது. அத்தீவின் தலைநகரான ஹவானாவில் பெலேன் என்னும் வானாய்வுக் கூடம் இருந்தது. இயேசு சபைத் துறவிகள் அதனை நடத்தினர். பெனிட்டோ வினியேஸ் என்பார் அங்கே இருபது ஆண்டுகளுக்கு மேல் அமர்ந்து, மேகங்களின் போக்கையும் கடல் அலையின் வீக்கத்தையும் காற்றழுத்தத்தின் ஏற்ற இறக்கத்தையும் நாள்தோறும் குறித்துக் குறித்து, சூறாவளி எங்கிருந்து வரும், எத்திசையில் திரும்பும் என்று முன்கூட்டிச் சொல்லும் கலையை வளர்த்தார். 1893இல் அவர் மறைந்தபின் கங்கோயித்தே அப்பணியைத் தொடர்ந்தார். பாதிரிமாரை நாம் புகழ்கிறோமே என்று வாசகர் வியக்க வேண்டாம். அவர்கள் அங்கி அணிந்திருந்தது உண்மை. ஆனால் புயலைக் கணித்தது செபமாலையைக் கொண்டு அன்று, கருவிகளைக் கொண்டு. அறிவு எந்த உடையில் வந்தாலும் அதற்கு இருக்கை தருவதே பகுத்தறிவு.

வாஷிங்டனின் வானிலைத் துறை இருக்கை தரவில்லை. அதன் தலைவர் வில்லிஸ் மூருக்கும் ஹவானாவில் இருந்த அவருடைய அலுவலர்களுக்கும் கியூபாக்காரர் என்றாலே இளப்பம். உணர்ச்சிவயப்படுவோர், வீண் பீதி கிளப்புவோர் என்பது அவர்கள் தீர்ப்பு. அத்தோடு நில்லாமல், புயற்பருவம் உச்சத்தில் இருக்கும் நேரத்தில், கியூபா ஆய்வாளர்களின் வானிலைச் செய்திகள் அரசின் தந்திக் கம்பிகளில் செல்லக்கூடாது என்று தடையும் வாங்கினர். செப்டம்பர் முதல் வாரத்தில் புயல் கியூபாவைக் கடந்தது. அது வளைகுடாவுக்குள் புகுந்து டெக்சாஸ் பக்கம் செல்லும் என்று கங்கோயித்தே கணித்தார். வாஷிங்டன், அது வடக்கே வளைந்து அமெரிக்காவின் கீழைக் கரையோரமாகப் போய்விடும் என்றது. ஆங்கிலத்தில் சூறாவளிக்கு வழங்கும் ‘ஹரிகேன்’ என்ற சொல்லே கரீபியத் தீவுகளின் பழங்குடி மக்களிடமிருந்து இரவல் பெற்ற சொல்தான். சொல்லை வாங்கிக்கொண்டார்கள், அந்தத் தீவினர் நூற்றாண்டுக் கணக்கில் புயலோடு வாழ்ந்து பெற்ற அறிவை வாங்க மறுத்துவிட்டார்கள்.

சனிக்கிழமை காலையில் வளைகுடா நீர் தென்கரைத் தெருக்களில் ஏறத் தொடங்கிற்று. காற்று வடக்கிலிருந்து வீசிக் கடலைப் பின்னுக்குத் தள்ளவேண்டிய வேளை அது; ஆயினும் நீர் முன்னுக்கே வந்தது. சிறுவர் தெருநீரில் இறங்கி விளையாடினர். பெரியவர்கள் அலையின் ஆட்டத்தைக் காணக் கடற்கரைக்குப் போயினர். பிற்பகலில் மகிழ்ச்சி மறைந்தது. தீவையும் பெருநிலத்தையும் இணைத்த பாலங்கள் அறுந்தன, தந்தியும் அறுந்தது. மாலையில், மணிக்கு 100 மைல் வேகம் காட்டிய காற்றளவி, அலுவலகக் கூரையிலிருந்து பிய்த்தெறியப்பட்டது. ஒன்பதடிகூட இல்லாத ஊரின்மீது பதினைந்தடிக்கு மேல் கடல் எழுந்தது.

ஐசக் கிளைனின் வீடு கடற்கரைக்குச் சில தெருக்கள் தள்ளி இருந்தது. புயலுக்கு அசையாது என்று எண்ணிக் கட்டிய வீடு. அதை நம்பி அக்கம்பக்கத்தார் வந்து குவிந்தனர். ஏறத்தாழ ஐம்பது பேர். நீர் ஏற ஏற மாடிக்குப் போயினர். நொறுங்கிய டிராம் பாதையின் கட்டுமானம் ஒன்று அலையில் மிதந்துவந்து அந்த வீட்டை இடித்தது. வீடு கவிழ்ந்தது. கிளைனின் மனைவி கோரா, கருவுற்றிருந்தவர், நீரில் மறைந்தார். ஐசக், அவர் தம்பி ஜோசப், மூன்று சிறுமியர், மரச்சட்டங்களின்மேல் தொற்றிக்கொண்டு இருளில் மிதந்தனர். இடையே நீரில் தத்தளித்த ஒரு சிறுமியைத் தம் மகளென்று எண்ணி ஐசக் இழுத்துக் காப்பாற்றினார். பார்த்தால், அவள் யார் வீட்டுக் குழந்தையோ! தம் குழந்தைகளோடு அவளும் ஒருத்தியாகக் கரை சேர்ந்தாள். அந்த வீட்டில் புகலடைந்த ஐம்பதின்மரில் உயிர் தப்பியோர் பதினெண்மர். ‘அஞ்சுவது மயக்கம்’ என்று ஒன்பது ஆண்டுகளுக்கு முன் எழுதிய கை, அன்றிரவு பற்றிக்கொள்ள ஒரு பலகையைத் தேடிற்று. அவரை எள்ளி நகையாட நமக்கு மனம் வரவில்லை. கிளைன் பின்னாளில் தம் வாழ்நாளையே சூறாவளி ஆராய்ச்சிக்கு அளித்தார். புயல் கொல்வது பெரும்பாலும் காற்றால் அன்று, அது தள்ளிவரும் கடலால்தான் என்பதை எழுதி நிலைநாட்டியவர்களில் அவரும் ஒருவர்.

பிராட்வேயில் கிரஷாம் என்னும் வழக்கறிஞரின் கல் மாளிகை உறுதியாக நின்றது. நூற்றுக்கணக்கானோர் அங்கே உயிர் பிழைத்தனர். மற்ற நாட்களில் அந்தப் படிக்கட்டில் காலெடுத்து வைக்கத் தயங்கியிருக்கக்கூடியவர்கள், அன்று ஈரம் சொட்டச் சொட்ட அதன் கூடங்களில் அமர்ந்தனர்.

ஊருக்கு மேற்கே, கடற்கரையை ஒட்டி, தூய மரியாள் அநாதை விடுதி. 93 குழந்தைகள், 10 கன்னியர். நீர் ஏறியதும், வலுவான கட்டடமான பெண் குழந்தைகள் விடுதியின் மாடிக்கு எல்லாரையும் அழைத்துச் சென்றனர். துணி உலர்த்தும் கயிற்றை வெட்டி, ஒவ்வொரு கன்னியும் ஆறு, எட்டுக் குழந்தைகளைத் தம் இடுப்போடு பிணைத்துக்கொண்டார். கட்டடம் நொறுங்கியது. பத்துக் கன்னியரும் மடிந்தனர். 90 குழந்தைகள் மடிந்தனர். மூன்று சிறுவர் மட்டும் ஒரு மரத்தைப் பற்றி மிதந்து பிழைத்தனர். பின்னர் உடல்கள் கிடைத்தபோது கயிறு அவிழாமல் இருந்தது. பெற்றோரற்ற பிள்ளைகள், பிள்ளை பெறாத பெண்கள்; அவர்களைப் பிணைத்தது குருதியுறவு அன்று, ஒரு துணிக்கயிறு. அவர்கள் நம்பிய கடவுளை நாம் நம்பவில்லை. ஆயினும் அந்தக் கயிற்றின் முன்னே நாம் தலைகுனிகிறோம்.

ஞாயிறு காலை வானம் தெளிந்திருந்தது. இறந்தவர் எத்தனை பேர் என்பதற்கு இன்றுவரை சரியான கணக்கில்லை. நகரில் மட்டும் ஆறாயிரத்துக்கும் எண்ணாயிரத்துக்கும் இடையே என்பர். தீவு முழுவதையும் அண்டையூர்களையும் சேர்த்தால் பன்னீராயிரம் வரையில் இருக்கலாம் என்பர். அமெரிக்க வரலாற்றில் இயற்கையின் சீற்றம் ஒன்றால் அத்தனை உயிர் போனது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. 3,600 வீடுகள் தடமின்றி அழிந்தன. அன்றே நகரப் பெரியவர்கள் கூடி மத்திய உதவிக்குழு அமைத்தனர். சிலர் படகேறி விரிகுடாவைக் கடந்து, பெருநிலத்தில் வழிதேடி ஹூஸ்டனை அடைந்து, ஆளுநருக்கும் குடியரசுத் தலைவர் மக்கின்லிக்கும் தந்தி கொடுத்தனர். அதன்பின்தான் உலகுக்குச் செய்தி தெரிந்தது.

இனி, நாம் முன்னர்க் கேட்ட கேள்விக்கு வருவோம்.

ஆயிரக்கணக்கில் பிணங்கள். செப்டம்பர் மாத வெயில். மணலும் நீருமான தீவிலே புதைக்க இடமில்லை; புதைத்தால் ஊறிவரும் நீர் மேலே தள்ளிவிடும். பிணங்களைச் சரக்குத் தோணியில் ஏற்றிக் கடலில் தள்ளுவதென முடிவாயிற்று. யார் ஏற்றுவது? திங்கட்கிழமை, ஏறத்தாழ ஐம்பது கறுப்பர்களைத் துப்பாக்கி முனையில் பிடித்து வந்தனர். விஸ்கியை ஊற்றிக் கொடுத்தனர். எழுநூறு பிணங்கள் ஏறின. அந்த ஐம்பதின்மரும் உடன் ஏற்றப்பட்டனர். இரவு முழுவதும் நடுக்கடலில், அழுகிய உடல்களோடு! விடிந்தபின் எடை கட்டி அவற்றை நீரில் தள்ளினர். மறுநாளே அலைகள் அவற்றில் பலவற்றைக் கரைக்கே திருப்பிக் கொண்டுவந்து சேர்த்தன. அதன் பிறகுதான் ஆங்காங்கே சிதையடுக்கி எரிக்கத் தொடங்கினர். அந்தச் சிதைகள் வாரக் கணக்கில் எரிந்தன. பிந்திய நாட்களில் வெள்ளையரும் இப்பணிக்கு இழுக்கப்பட்டனர் என்பதையும் சொல்லிவிட வேண்டும், மறைத்தால் நேர்மையாகாது. ஆயினும், அருவருப்பான வேலை என்று வந்ததும், முதல் துப்பாக்கி யாரை நோக்கித் திரும்பிற்று என்பதைப் பாருங்கள்! விடுதலை ஆணை வெளிவந்த அதே நகரம். இடையே கழிந்தது 35 ஆண்டுகள். சனிக்கிழமை இரவு ஒரே கூரையின்கீழ் நடுங்கிய தோள்களுள் எது கறுப்பு, எது வெளுப்பு என்று எவரும் கேட்கவில்லை. திங்கட்கிழமை கேட்டார்கள். பிணம் சுமப்பதற்கென்றே ஒரு பிறவியை ஒதுக்கிவைத்த நாட்டிலே பிறந்த நமக்கு, இதைப் புரிந்துகொள்ள விளக்கவுரை தேவையில்லை.

இன்னொரு கொடுமையும் நடந்தது. இராணுவச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. கொள்ளையரைக் கண்டதும் சுட ஆணை. உடனே பல நகரங்களின் நாளேடுகள், கறுப்பர்கள் பிணங்களின் விரல்களை மோதிரத்தோடு அறுத்து எடுத்தனர், பத்துப் பத்தாகச் சுடப்பட்டனர் என்று படம் போட்டு எழுதின. பின்னாளில் வரலாற்றாசிரியர்கள் ஆராய்ந்தபோது, அந்தக் கதைகளில் பெரும்பகுதி வெறும் வதந்தி, இனவெறி ஊதிப் பெருக்கிய புளுகு என்று கண்டனர். கறுப்பன் பிணத்தை எடுத்து அடுக்கிய செய்தி சிறு எழுத்தில்; கறுப்பன் பிணத்தைக் கொள்ளையடித்தான் என்ற பொய் பெரிய எழுத்தில்! துன்பத்தைச் சுமந்தவன் தலையிலேயே பழியையும் ஏற்றுவது, ஆதிக்கக்காரர் எல்லா நாட்டிலும் கற்றிருக்கும் வித்தை போலும்.

இருள் மட்டுமே இருந்தது என்றும் நாம் சொல்லவில்லை. செப்டம்பர் நடுவில், 78 வயது மூதாட்டி ஒருவர் தொண்டர் சிலரோடு கால்வெஸ்டனில் வந்திறங்கினார். உள்நாட்டுப் போரில் குண்டுகளுக்கிடையே காயம்பட்டோரைக் கவனித்தவர், 1881இல் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தைத் தோற்றுவித்தவர், கிளாரா பார்ட்டன். 1893இல் தென் கரோலினாவின் கடல் தீவுகளைப் புயல் சூறையாடியபோது, பெரும்பாலும் கறுப்பின மக்களாகிய அத்தீவினரோடு பத்து மாதங்கள் தங்கிப் பணியாற்றியவர். சோறு போடுவதைவிட, விதை கொடுத்து விளைவிக்கச் செய்வதே உதவி என்பதை அங்கே கற்றுக்கொண்டவர். கால்வெஸ்டனில் வந்த சில நாட்களிலேயே நோயுற்றார். ஆயினும் ஊரை விட்டுச் செல்லவில்லை. நவம்பர் வரை இருந்தார். அதுவே அவர் நேரில் சென்று நடத்திய கடைசி மீட்புப் பணி.

அவர் செய்த வேலைகளுள் நம் கருத்தைக் கவர்வன சில உண்டு. உதவி வழங்கும் வட்டக் குழுக்களில் அதுவரை ஆடவரே இருந்தனர். பெண்களையும் சேர்க்க வேண்டுமென வற்புறுத்தி இடம் பெற்றுத் தந்தார். எந்த வீட்டில் எத்தனை வாய், எந்தக் குழந்தைக்கு எந்த அளவுச் சட்டை என்பது, மேசைக்குப் பின்னால் அமர்ந்த ஆடவனைவிட அண்டை வீட்டுப் பெண்ணுக்கல்லவா தெரியும்? உதவி கறுப்பின மக்களைச் சென்றடையும் பொருட்டு, அவர்களே நடத்தும் செஞ்சிலுவைத் துணைக் கிளை ஒன்று அமைந்தது. தனிக்கிளைதான், ஒரே கிளையில் சமமாக அமர வைக்க அந்தக் காலத்து டெக்சாஸ் ஒப்பாது. இதனை முழு வெற்றி என்று நாம் கொண்டாட மாட்டோம். ஆயினும், பிறர் கையைப் பார்த்து நிற்பதற்கும், தம் கணக்கைத் தாமே எழுதுவதற்கும் உள்ள வேறுபாட்டை அற்பம் என்றும் தள்ளமாட்டோம்.

பெருநிலத்து உழவர்களையும் பார்ட்டன் மறக்கவில்லை. உப்புநீர் பாய்ந்து அவர்கள் பயிர் கருகியிருந்தது. ஸ்டிராபெர்ரி அந்தப் பகுதியின் வாழ்வுப் பயிர். பதினைந்து இலட்சம் ஸ்டிராபெர்ரிக் கன்றுகளை வரவழைத்து உழவர்களுக்கு வழங்கினார். கம்பளியும் ரொட்டியும் அனுப்பியோர் பல்லாயிரவர். அடுத்த பருவத்தை நினைத்துக் கன்று அனுப்பியவர் ஒருவர். இந்தச் செய்தியைப் படித்த அன்று, நெடுநேரம் நாம் வேறு பக்கம் புரட்டவில்லை.

பெண்கள் ஒருமுறை வெளியே வந்தபின் வீட்டுக்குள் திரும்பிவிடவில்லை. 1901இல் மகளிர் நலப் பாதுகாப்புச் சங்கம் அமைத்தனர். அரைகுறையாகப் புதைக்கப்பட்ட உடல்களுக்கு முறையான அடக்கம் செய்வித்தனர். உப்பு தின்று பட்டுப்போன ஊரிலே மரங்களும் அரளிச் செடிகளும் நட்டனர். பின்னர்ப் பாலின் தூய்மை, சந்தையின் துப்புரவு என்று நகராட்சியைக் கேள்வி கேட்டனர். வாக்குரிமை இல்லாத பெண்கள்! ஆனால் அந்தச் சங்கத்தில் இருந்தவர் அனைவரும் வெள்ளை மகளிர். புயல் உடைத்த சுவர்கள் எத்தனையோ. இந்தச் சுவர் உடையவில்லை.

ஆட்சிமுறையும் மாறிற்று. பழைய நகரமன்றத்தை நீக்கிவிட்டு, 1901இல் ஐந்து ஆணையர் கொண்ட குழு ஆட்சிக்கு வந்தது. நிதி ஒருவருக்கு, நீர் ஒருவருக்கு என்று பொறுப்பைப் பகிர்ந்துகொண்டு விரைந்து வேலை செய்தது. ‘கால்வெஸ்டன் திட்டம்’ என்ற பெயரோடு நூற்றுக்கணக்கான அமெரிக்க நகரங்கள் அதைப் பின்பற்றின. நிருவாகத் திறமை என்ற அளவில் பாராட்டத்தக்கதே. ஆனால் வட்டம் வட்டமாக உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் முறை போய், ஊர் முழுவதும் ஒரே தொகுதியானால், சிறுபான்மையினர் வாக்கு கடலில் கரைத்த பெருங்காயம்தானே! கியூனி அமர்ந்த அவையில் கறுப்பினத்தார்க்கு இடமில்லாமற் போயிற்று. 1902இல் டெக்சாஸ் மாநிலம், வரி கட்டினால்தான் வாக்கு என்று அரசியல் சட்டத்தையே திருத்தி, ஏழைகள்மீது இன்னொரு கதவைச் சாத்திற்று. ஓரிரவு கூரை கிடைத்தது. ஓட்டுப் பெட்டி கிடைக்கவில்லை.

பின்னர்ச் சுவர் எழுந்தது. முன்பு பேசிப் பேசியே விட்டுவிட்ட அந்தச் சுவர். ஹென்றி ராபர்ட், ஆல்பிரட் நோபிள், ரிப்ளி என்ற மூன்று பொறியியல் வல்லுநர்கள் திட்டம் தந்தனர். (உலகெங்கும் சங்கங்களில் கூட்டம் நடத்தும் விதிமுறைகளை நூலாக எழுதிய ராபர்ட் இவரேதான்.) 1902இல் தொடங்கி 1904இல், 17 அடி உயரமும் மூன்று மைலுக்கு மேல் நீளமுமாகக் கான்கிரீட் கடற்சுவர் நிமிர்ந்தது. சுவர் மட்டும் போதாது, ஊரையே உயர்த்த வேண்டும் என்றனர். உயர்த்தினர்! 2,000க்கு மேற்பட்ட கட்டடங்களைத் திருகு ஜாக்கிகளின்மேல் ஏற்றித் தூக்கி நிறுத்தி, அடியிலே கடல் மணலைக் குழாய் வழியே பாய்ச்சி நிரப்பினர். 3,000 டன் எடையுள்ள தூய பேட்ரிக் கோவிலை, 700 ஜாக்கிகள் வைத்து, ஐந்தடி தூக்கினர். கோவிலைக் கடவுள் தூக்கவில்லை. கூலியாட்கள் ஒரே நேரத்தில், ஒரே அளவு திருகித் தூக்கினர். ஏறத்தாழ ஏழெட்டு ஆண்டுகள், மக்கள் சேற்றுக்குமேல் அமைத்த பலகைப் பாதைகளில்தான் நடந்தனர். குறுகிய பலகை. எதிரே வருபவர் எவராயினும் சற்று ஒதுங்கினால்தான் இருவரும் விழாமல் போகலாம்.

1915 ஆகஸ்டில் மீண்டும் ஒரு பெரும்புயல் வந்தது. பாய்மரக் கப்பல் ஒன்றைத் தூக்கிச் சுவருக்கு மேலே வீசிற்று. சுவருக்கு வெளியே சேதம் மிகுதி. சுவருக்குள் நகரம் நின்றது.

நூறாண்டு நிறைந்த 2000ஆம் ஆண்டில், அந்தக் கடற்சுவரின்மேல் ஒரு வெண்கலச் சிலை வைத்தனர். ஓர் ஆண், ஒரு பெண், ஒரு குழந்தை. ஒருவரையொருவர் பற்றியபடி, ஒரு கை வானை நோக்கி நீண்டிருக்கிறது. அவர்கள் மூவரும் ஒரு குடும்பமா, அன்றிரவு நீரில் சந்தித்துக்கொண்ட அயலாரா என்று சிலை சொல்லவில்லை. சுவருக்குத் திட்டம் தந்த மூவரின் பெயரும் வரலாற்று நூல்களில் உள்ளன. தோணியேறிய கறுப்புத் தோழர்களை அந்நூல்கள் ‘ஐம்பது பேர்’ என்றே குறிக்கின்றன.